ஐந்தாவது வரிசை

தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

போனில் நீ கேட்டபோதே இந்த ஒரு சொல்லைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "சாப்பிட்டியாய்யா" என்று கேட்டேன். "தெரியுமா தெரியாதா, அத மட்டும் சொல்லு" என்றாய். உனக்குப் பின்னால் ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. கோயம்புத்தூரில் மழை போலிருக்கிறது, அதுவும் கேட்டது. நான் வாயைத் திறப்பதற்குள், "எனக்காகத்தான் செஞ்சேன்னு மட்டும் சொல்லாத" என்று வைத்துவிட்டாய். அதன் பிறகு உன்னிடமிருந்து வந்தது இரண்டு வரிச் செய்தி. அப்பாவிடம் நானே சொல்ல வேண்டும். சொல்லாமல் உன் கல்யாண மேடைக்கு நான் வர வேண்டாம்.

ஆகவே எழுதுகிறேன். பேச ஆரம்பித்தால் மறுபடியும் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசுவேன்.

போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தபோது சான்றிதழ் தேடி மாடியில் இருக்கும் டிரங்குப் பெட்டியைத் திறந்தாய். அதில் உன் பத்தாம் வகுப்பு கிராப் நோட்டு இருந்தது. அதற்கு அடியில் என் நாற்பது பக்க நோட்டு. நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'மூச்சு' என்று தலைப்பு, அதன் கீழே பன்னிரண்டு எண்கள். 390, 370, 375, 350. இந்த நான்கையும் நீ ஏற்கெனவே பார்த்திருக்கிறாய். உன் கிராப் நோட்டில் இதே நான்கு எண்களை நீயே பென்சிலால் அடித்திருக்கிறாய். அடிக்கச் சொன்னவள் நான். பதினோரு வருடம் கழித்து இரண்டு பக்கங்களையும் அருகருகே வைத்துப் படம் எடுத்து எனக்கு அனுப்பினாய். படத்துக்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை. எழுத வேண்டியிருக்கவில்லை. உனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தானே.

அந்தக் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். வேறு எங்கிருந்து தொடங்கினாலும் என்னை நல்லவளாக்கிக்கொள்வேன்.

ஒன்பதாம் வகுப்பில் நீ செய்த தவறு ஒன்று ஞாபகம் இருக்கிறதா? x ஒன்று, இரண்டு, மூன்று. y ஏழு, பத்து, பதின்மூன்று. நேர்கோட்டின் சமன்பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். x ஒன்று கூடும்போது y மூன்று கூடுகிறது, ஆகவே சாய்வு, அந்த m, மூன்று. அதுவரை சரியாகச் செய்தாய். பிறகு c ஏழு என்று எழுதினாய். y = 3x + 7. "ஏழுலதான ஆரம்பிக்கி?" என்றாய். நான் உன் தலையில் லேசாகத் தட்டி, "x ஒண்ணா இருக்கும்போதுல்லா ஏழு. பூஜ்ஜியமா இருக்கும்போது எம்புட்டு? ஒரு படி பின்னால போய்ப் பாரு" என்றேன். பின்னால் போனாய். நான்கு வந்தது. y = 3x + 4. "அந்த வரிசைதான் இதுல இல்லையே" என்று கோபப்பட்டாய். இல்லைதான். அட்டவணை எந்த இடத்திலிருந்து வேண்டுமானாலும் தொடங்கும். யார் எப்போது எழுத ஆரம்பித்தார்களோ அங்கிருந்து. கோடு அதற்கு முன்பே இருக்கிறது.

உன் அப்பாவின் கையில் மில் மருந்தகத்தில் அந்த அட்டையைக் கொடுத்தபோது அவர் புளோரூமில் பதினைந்து வருடம் முடித்திருந்தார். பஞ்சுப் பொதியை உடைத்து இயந்திரத்தில் போடுகிற இடம் அது. அங்கே காற்று வெள்ளையாக இருக்கும் என்று அவரே சொல்லுவார். அட்டையோடு ஒரு பிளாஸ்டிக் குழாயும் கொடுத்தார்கள். ஊதினால் உள்ளே ஒரு சிவப்பு முள் நகரும், அது நிற்கும் எண்ணை எழுத வேண்டும். மாதம் ஒரு தடவை, வார விடுமுறை முடிந்து போகிற முதல் நாள், வேலை விட்டு வந்ததும். புளோரூம்காரர்களுக்கு நெஞ்சு மிகவும் இறுகுவது அந்த நாளில்தான். முந்நூறுக்குக் கீழே போனால் புளோரூமிலிருந்து மாற்றிவிடுவார்கள் என்று விதி. முதல் மாதம் முந்நூற்றுத் தொண்ணூறு வந்தது. மருந்தகத்து சிஸ்டர் அதைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, "இதுதான் ஒங்க ஆரம்ப அளவு" என்று சொல்லி அனுப்பினாராம். நீ செய்த அதே தவறு. முதல் வரிசையை எடுத்து c என்று வைத்துவிட்டார்கள்.

பூஜ்ஜியம் எனக்குத் தெரியும். நான் பார்த்திருக்கிறேன். அவர் மில்லில் சேர்வதற்கு முந்தின வருடம், எங்களுக்குக் கல்யாணமான முதல் வாரம். உன் அப்பாவின் ஊரான தேவதானத்தில் அவர்கள் தோட்டத்துக் கிணற்றில் என் கை நழுவிக் குடம் விழுந்துவிட்டது. புதுக்குடம், என் வீட்டிலிருந்து கொண்டு வந்தது. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குதித்தார். எனக்கு நீச்சல் தெரியாது, எண்ணத்தான் தெரியும். எண்ணினேன். தொண்ணூறு வரும்போது நான் விதவையாகிவிட்டேன் என்று முடிவு செய்தேன். நூற்றுப் பத்தில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே வந்தார். மூச்சு வாங்கவே இல்லை. "எதுக்குட்டி அழுத? கொடம் கெடச்சிருச்சுல்லா" என்றார். அதுதான் பூஜ்ஜியமாவது வரிசை. எந்த அட்டையிலும் இல்லை. எண்ணினது நான் ஒருத்திதான்.

இப்போது அவர் கூடத்திலிருந்து குளியலறைக்குப் போக நடுவில் ஒரு தடவை சுவரைப் பிடித்து நிற்கிறார். மாடி கட்டியதிலிருந்து ஒரு தடவைகூட ஏறியதில்லை. உன் அறைக்குப் புது வர்ணம் அடித்ததை அவர் பார்க்கவில்லை. என்ன நிறம் என்று என்னிடம் கேட்டார்.

சரி, அந்த வருடம்.

நீ பத்தாம் வகுப்பு. நான் பி.எட். சேர்ந்திருந்தேன். உனக்கு அது அம்மா காலையில் பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற வருடம், அவ்வளவுதான். எனக்கு அது பதினாறு வருடம் கழித்துக் கிடைத்த இடம். பி.எஸ்.சி. முடித்ததும் கல்யாணம், உடனே நீ, பிறகு வீட்டில் டியூஷன். முப்பத்தாறு வயதில் கையில் நோட்டோடு பஸ்ஸில் ஏறினேன். ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தால் மலை கூடவே வரும். நான் மலையைப் பார்க்கமாட்டேன். அன்றைக்கு எடுக்க வேண்டிய மாதிரிப் பாடத்தை மனதுக்குள் எடுத்துக்கொண்டே போவேன். உன் அப்பாவுக்கு என்னைவிடச் சந்தோஷம். அன்றிலிருந்துதான் என்னை டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தார். கேலியாகத்தான் ஆரம்பித்தது. பிறகு என் பெயரே அவருக்கு மறந்துவிட்டது.

நான்காவது மாதம் அவருடைய மூக்குக்கண்ணாடி உடைந்தது. குழாயில் அச்சடித்த எண்கள் பொடிப் பொடியாக இருக்கும், கண்ணாடி இல்லாமல் அவருக்குத் தெரியாது. ஊதிவிட்டு என்னிடம் நீட்டுவார். "எம்புட்டுட்டி?" நான் பார்த்துச் சொல்லி அட்டையில் எழுதுவேன்.

ஐந்தாவது மாதம் சிவப்பு முள் இருநூற்றுத் தொண்ணூற்றைந்தில் நின்றது.

அவருக்கு அப்போது சளி இருந்தது. அதை மறைக்கவில்லை, உண்மையாகவே இருந்தது. சளி போனால் ஏறிவிடும் என்று நினைத்தேன். இந்த ஒரு மாதம்தானே. "எம்புட்டுட்டி?" என்றார். "முந்நூத்தம்பது" என்றேன். போன மாதத்து எண். அட்டையிலும் அதையே எழுதினேன். "பொறவென்ன, ஆனை மாதிரி இருக்கேன்" என்று துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். நான் குழாயைக் கழுவினேன். நாற்பது பக்க நோட்டைத் திருப்பிக் கடைசிப் பக்கத்தில் முதல் நான்கு எண்களை எழுதி, ஐந்தாவதாக 295 என்று எழுதினேன். ஏன் எழுதினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பொய் சொன்னவள் உண்மையைக் கிழித்துப் போட்டிருக்கலாம். எண்ணைத் தூக்கியெறிய என் கைக்கு வரவில்லை. அந்த நோட்டை வைத்திருந்ததால் நான் கொஞ்சம் நேர்மையானவள் என்றும் அந்த நாட்களில் நினைத்துக்கொண்டேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

ஆறாவது மாதம் சளி இல்லை. இருநூற்றெண்பது.

அன்றைக்கு அவர் குளிக்கப் போனதும் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து உட்கார்ந்தேன். இனி ஒவ்வொரு மாதமும் என்ன எழுதுவது என்று அந்தந்த மாதம் யோசித்தால் மாட்டிக்கொள்வேன். அதனால் மொத்தமாக எழுதி வைத்தேன். இரண்டு பத்தி. மேலே பழக்க தோஷத்தில் x, y என்று போட்டேன். மாதத்துக்கு ஐந்து குறைத்தேன். 345, 340, 335. குறையாமலே இருந்தால் சந்தேகம் வரும், வேகமாகக் குறைந்தால் முந்நூறைத் தொட்டுவிடும். ஐந்து ஐந்தாகப் போனால் பன்னிரண்டாம் மாதம் 315. பதினைந்தாவது மாதத்தில்தான் முந்நூறு. அதற்குள் என் பி.எட். முடிந்திருக்கும்.

பார்த்தாயா. உன் பெயர் அந்தத் தாளில் எங்குமே இல்லை.

எனக்காகச் செய்தேன். உனக்காக என்று நான் சொல்லுவேன் என்று நீ பயந்தாய். நானும் பத்து வருடமாக எனக்குள் அப்படித்தான் சொல்லிப் பார்த்தேன். பையனின் படிப்பு, பையனின் காலேஜ். மற்றவர்களிடம் சொல்ல நல்ல காரணம்தான், ஒரு தாய் சொன்னால் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். ஆனால் அந்த மாலையில் நான் நினைத்தது பஸ்ஸை. புளோரூமிலிருந்து மாற்றினால் முதலில் கேட்டில் நிறுத்துவார்கள், பிறகு பதிலியாக்கி ஆள் குறைகிற நாளில் மட்டும் கூப்பிடுவார்கள், பிறகு கூப்பிடமாட்டார்கள். எங்கள் தெருவிலேயே இரண்டு பேருக்கு அப்படி நடந்தது. அவர் வீட்டில் உட்கார்ந்தால் நான் பஸ் ஏற முடியாது. அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

அந்தத் தாளைத்தான் நீ எடுத்துவிட்டாய். டியூஷன் தாள்களோடு கிடந்தது. x, y, பன்னிரண்டு வரிசை. பயிற்சிக்கணக்கு என்று நினைத்து கிராப் நோட்டில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாய். நான் அடுக்களையிலிருந்து வரும்போது, "ஏம்மா, மொத நாலு வரிசையும் கோட்டுல உக்காரவே மாட்டேங்கு" என்றாய்.

நான் நின்றுவிட்டேன்.

"மத்ததெல்லாம் அச்சு வச்ச மாதிரி இருக்கு. அஞ்சுலருந்து பன்னெண்டு வரைக்கும் x ஏழு கூடுது, y முப்பத்தஞ்சு கொறையுது. m மைனஸ் அஞ்சு. c முந்நூத்தி எழுவத்தஞ்சு. அதுல ஒண்ணப் போட்டா முந்நூத்தி எழுவதுல்லா வரணும்? இங்க முந்நூத்தித் தொண்ணூறுன்னு இருக்கு. நாலுக்கு முந்நூத்தி அம்பத்தஞ்சு வரணும், அம்பதுன்னு இருக்கு. நீ தப்பா எழுதிட்டியா?"

என் வகுப்பில் இதுவரை எத்தனையோ பிள்ளைகள் இந்த வகைக் கணக்கைப் போட்டிருக்கிறார்கள். இரண்டு வரிசையை எடுத்து m கண்டுபிடிப்பார்கள், ஒன்றில் போட்டு c கண்டுபிடிப்பார்கள், அதோடு கோடு கிழித்துவிட்டு விளையாடப் போய்விடுவார்கள். மற்ற வரிசைகள் அதில் உட்காருகிறதா என்று பார்ப்பவர்கள் அபூர்வம். நீ பார்த்தாய். பதினைந்து வயதில், ஒரு அட்டவணையைப் பார்த்து, எந்த வரிசையிலிருந்து ஒருத்தர் கணக்குப் போட்டு எழுதியிருக்கிறார் என்று கண்டுபிடித்துவிட்டாய். கண்டுபிடித்தது என்னவென்று மட்டும் உனக்குத் தெரியவில்லை.

"தப்பில்ல, வேணும்னுதான் குடுத்தேன்" என்றேன். "மொத நாலும் பொய். ஏமாறுதியான்னு பாக்கப் போட்டது. அத அடிச்சிரு."

அடித்தாய். 390, 370, 375, 350. அந்தத் தாளில் உண்மையாக இருந்தவை அந்த நான்குதான். உன் அப்பா நெஞ்சிலிருந்து ஊதியவை. மனித மூச்சு ஒரு மாதம் இறங்கும், அடுத்த மாதம் ஐந்து ஏறும், பிறகு இருபத்தைந்து விழும். அளவுகோல் வைத்த மாதிரி இறங்காது. அந்த நான்கையும் அடித்துவிட்டு, நான் உண்டாக்கிய எட்டையும் வைத்துக்கொண்டு y = −5x + 375 என்று அழகாக எழுதினாய். நான் சிவப்புப் பேனாவை எடுத்துச் சரி என்று போட்டேன்.

அந்த நேரம் பார்த்து உன் அப்பா வேலை விட்டு வந்தார். புருவத்தில் பஞ்சு. "என்னலே, கணக்கா?" என்றார். நீ, "அம்மா தப்புத் தப்பா எழுதிக் குடுக்கா" என்றாய். "டீச்சரு தப்பா எழுதுவாளா? நீதான் கண்ண மூடிட்டுப் பாத்திருப்ப" என்று சிரித்தார். சிரிப்பு இருமலானது. இருமல் நிற்கும்வரை நாம் இருவரும் காத்திருந்தோம். நீ ரப்பரைத் தேடிக்கொண்டிருந்தாய்.

மருந்தகத்து சிஸ்டரும் ஒரு தடவை சொன்னார். ஒன்பதாம் மாதம், அட்டையைக் கொடுக்க நான் போயிருந்தேன். "ஏங்கா, ஒங்க வீட்டுக்காரவுக அளவு தண்டவாளம் மாதிரில்லா போகுது" என்று சொல்லிவிட்டு முத்திரை குத்தினார். நானும் சிரித்தேன். சந்தேகப்பட்டிருந்தால் குழாயை எடுத்து அங்கேயே ஊதச் சொல்லியிருக்கலாம். அட்டை நிரம்பியிருப்பது அவர்களுக்குப் போதுமாக இருந்தது. இதைச் சொல்லி நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. அந்த அட்டையைக் கணக்காகப் பார்த்தது உலகத்தில் நீ ஒருவன்தான், அதற்குத்தான் சொல்கிறேன்.

அந்த வருடம் முழுக்க அவர் கண்ணாடி வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "ஏட்டி, பேப்பர் படிக்க முடியல." அடுத்த மாதம் என்றேன். ஒவ்வொரு மாதமும் அடுத்த மாதம். எனக்குப் புத்தகம் வாங்கினேன், உனக்கு ஜியாமெட்ரி பெட்டி வாங்கினேன். கண்ணாடி வாங்கவில்லை. நீ என்னை மன்னிக்கிற ஒரு நாள் வந்தாலும், இதை மட்டும் மன்னிக்காதே.

நோட்டில் இருந்த எண்கள் இறங்கிக்கொண்டே போயின. 285, 260, 250, 255, 230, 220. ஒரே சீராக இல்லை. ஆனாலும் கண்ணை இடுக்கிப் பார்த்தால் அதிலும் ஒரு கோடு தெரிந்தது. ஏறக்குறைய மாதத்துக்குப் பதினைந்து. அது எங்கே போய் முடியும் என்று ஒரு நாள் பஸ்ஸில் கணக்குப் போட்டேன். பாதியில் நிறுத்திவிட்டு மலையைப் பார்த்தேன். நல்லவேளை அது நேர்கோடாக இருக்கவில்லை. இருநூறுக்குப் பக்கத்தில் வந்து வளைந்துகொண்டது. அதுவும் என் புண்ணியம் இல்லை.

பதின்மூன்றாவது மாதம் மில்லில் வழக்கத்தை மாற்றினார்கள். வீட்டில் எழுத வேண்டாம், மருந்தகத்தில் வந்து ஊத வேண்டும். ஊதினார். இருநூற்றுப் பத்து. சிஸ்டர் பயந்துபோய் மூன்று தடவை ஊதச் சொன்னாராம். அன்றே புளோரூமிலிருந்து வெளியே, நான்கு மாதத்தில் வீட்டுக்கு. அவர் வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஒரே மாசத்துல நூறு கொறஞ்சு போச்சுட்டி. பீடிதான். ஒனக்கு எம்புட்டுத் தடவ சத்தியம் பண்ணிக் குடுத்தேன், கேட்டனா? நானே என் வாயில கொள்ளி வச்சிட்டேன்." ஒரு நாளைக்கு நான்கு பீடி பிடிப்பார். பையிலிருந்த பீடிக்கட்டை எடுத்துச் சாக்கடையில் போட்டார். அதற்குப் பிறகு ஒன்று தொட்டதில்லை. இந்தப் பத்து வருடத்தில் இருமல் கூடுகிற போதெல்லாம் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். "நான் ஒழுங்கா இருந்திருந்தா ஒனக்கு இந்தப் பாடு உண்டா?" நான் முதுகைத் தடவிக்கொண்டு, "சும்மா இருங்க" என்பேன். அதை அவர் அன்பு என்று எடுத்துக்கொள்கிறார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நெஞ்சு டாக்டர் ஒருவர் கேட்டார். அளவு முந்நூறுக்குக் கீழே எப்போது போனது என்று. அட்டையைப் பார்த்தார், நெற்றியைச் சுருக்கினார். "அந்த நேரத்துலயே தூசியை விட்டு வெளிய வந்திருந்தா இவ்வளவு தூரம் போயிருக்காது" என்றார். உன் அப்பா, "ஒரு மாசந்தான் சார் டைம் குடுத்துச்சு" என்றார். எனக்குத் தெரிந்த பதில் எட்டு மாதம். நான் மருந்துச்சீட்டை மடித்துக்கொண்டிருந்தேன்.

பி.எட். முடித்தேன். பள்ளியில் சேர்ந்தேன். உன் காலேஜ், இந்த மாடி, அவருடைய மருந்து, எல்லாம் அந்தச் சம்பளம். ஊரில் என்னைப் பற்றி நல்லவிதமாகச் சொல்லுகிறார்கள். புருஷன் படுத்ததும் பொம்பளை எழுந்து நின்றுவிட்டாள் என்று. நீயும் காலேஜில் ஏதோ மேடையில் அப்படிப் பேசினாய், நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். அப்போது எழுந்து வெளியே போயிருக்க வேண்டும். கைதட்டல் முடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

உன்மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. அதை மறைத்தால் இந்தக் கடிதமும் ஒரு அட்டை ஆகிவிடும். நீ மாதம் ஒரு தடவை போன் செய்து, "அப்பா எப்படி இருக்காக" என்று என்னிடம்தான் கேட்டாய். நான் சொன்ன எண்ணை எழுதிக்கொண்டாய். நான்கு அடி தள்ளி உட்கார்ந்திருந்தவரிடம் போனைக் கொடு என்று எத்தனை தடவை கேட்டாய்? பேசினால் அவருக்கு மூச்சு வாங்கும், கேட்க உனக்குக் கஷ்டம். ஆகவே நான் வாசித்துச் சொன்னது உனக்குப் போதுமாக இருந்தது. மருந்தகத்துக்கும் போதுமாக இருந்தது. எனக்கு இது நியாயம் இல்லை என்று தெரியும். எழுதிவிட்டேன், அடிக்கமாட்டேன். இந்த வீட்டில் அடித்தது போதும்.

தை மாதம் உனக்குக் கல்யாணம். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண். கெட்டிக்காரி, என்னிடம் பேசும்போது என் கண்ணைப் பார்த்துப் பேசுகிறாள், இனி என்ன செய்வாளோ. அவளோடு இருக்கப் போகிற உனக்கு ஒரு தாய் சொல்ல வேண்டியது எவ்வளவோ இருக்கும். சொல்லும் தகுதி எனக்கு இரண்டு விஷயத்தில்தான் இருக்கிறது. அவளுடைய எண்ணை நீ வாசித்துச் சொல்லாதே. அவள் காய்ச்சல், அவள் சம்பளம், அவள் கவலை எதுவானாலும் அவளே பார்க்கட்டும். பார்க்க முடியாமல் இருந்தால் முதலில் கண்ணாடி வாங்கிக் கொடு. இன்னொன்று, இரண்டு புள்ளி கிடைத்ததும் கோடு கிழிக்காதே. ஒரு நாள் அவள் கத்துவாள், இன்னொரு நாள் கதவைச் சாத்துவாள். இவள் இப்படித்தான் என்று தோன்றும். இரண்டு புள்ளி எங்கே இருந்தாலும் நடுவில் ஒரு கோடு போகும், அதில் யார் கெட்டிக்காரத்தனமும் இல்லை. மூன்றாவது புள்ளிக்காகக் காத்திரு. அது கோட்டில் உட்காராவிட்டால் புள்ளியை அடிக்காதே.

மேடைக்கு நான் வருவதா வேண்டாமா என்று நீ முடிவு செய்தாய். அது உன் முடிவு இல்லை. உன் அப்பாவின் முடிவு. அவர் என்ன சொல்லுகிறாரோ அதைச் செய்வேன்.

இதுவரை எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன். ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. மாடிக்குப் போய் டிரங்குப் பெட்டியிலிருந்து இரண்டு நோட்டையும் எடுத்து வந்தேன். அவர் கூடத்து நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஜன்னலில் இருந்த அவருடைய கண்ணாடியை எடுத்து முந்தானையில் துடைத்து நீட்டினேன்.

"என்னட்டி டீச்சரு, பரீச்ச வைக்கியா?"

"ஆமா. படிங்க."

நாற்பது பக்க நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து அவர் மடியில் வைத்தேன். நான் ஒரு எண்ணையும் சொல்லவில்லை. அவர் விரலை வைத்து வாய்விட்டுப் படித்தார். முந்நூத்தித் தொண்ணூறு. முந்நூத்தி எழுவது. முந்நூத்தி எழுவத்தஞ்சு. முந்நூத்தி அம்பது. ஐந்தாவது வரிசையில் விரல் நின்றது.

"எரநூத்தித் தொண்ணூத்தஞ்சு. இது ஆரு அளவு?"

"ஒங்க அளவு."

"நான் முந்நூத்தம்பதுல்லா ஊதுனேன்."

"இல்ல. நான் அப்படிச் சொன்னேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. மீதி ஏழையும் படித்தார், சத்தமில்லாமல், உதடு மட்டும் அசைந்தது. கடைசிக்குப் போய்விட்டு மறுபடி ஐந்தாவதற்கு வந்தார். உன் கிராப் நோட்டையும் திறந்து வைத்தேன். அடித்திருந்த நான்கையும், என் சிவப்புச் சரியையும் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. எண்ணவில்லை. அவர் மூச்சு மட்டும் கேட்டது.

"அப்பம் பீடி இல்லையா" என்றார்.

"இல்ல."

"செத்த நேரம் வெளிய இருட்டி" என்றார்.

வந்தேன். தெருக்குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. இரண்டு குடம் பிடித்து வாசலில் வைத்தேன். இதன் கடைசிப் பக்கத்தைப் பக்கத்து வீட்டுப் படியில் உட்கார்ந்து எழுதினேன். உள்ளேயிருந்து அவர் இன்னும் கூப்பிடவில்லை. நான் உள்ளே போகவில்லை.